உமக்கென்று எடுத்த இருக்கை

நேற்று லூயிஷாம் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போன இடத்தில், பழைய சாமான் விற்பவனின் மேசையில் ஒரு தோல் கையுறை கிடந்தது. இடது கைக்கானது. விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய்த் தடிப்பு. தோட்ட வேலைக்கு நல்லது என்று விற்பவன் சொன்னான். ஒற்றைக் கைக்கு மட்டும் எவன் தோட்டக் கையுறை செய்வான் என்று கேட்க வாய் உன்னியது, கேட்கவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். எண்ணெயும் வியர்வையும் ஊறிய தோலின் மணம். சந்தை நடுவில் வெங்காயப் பையோடு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலைதான் என்னை உறுத்துகிறது என்று நினைத்து அவன் விலையைக் குறைத்தான். நான் வாங்கவில்லை. வாங்கி என்ன செய்ய? வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உம்முடைய கடையிலும் இப்படி ஒன்று இருந்தது. கவுண்டரின் உட்பக்கத்தில் ஒரு துணியில் சுற்றி வைத்திருப்பீர். ஆள் இல்லாத நேரங்களில் அதை எடுத்து மாட்டி, மற்றக் கை முட்டியால் உள்ளங்கையில் குத்திக் குத்திப் பதம் பார்ப்பீர். ஸ்டேஷனில் சவாரியை இறக்கிவிட்டுப் பேப்பர் வாங்க வந்த நான் உம்மை முதன்முதல் கண்டது அந்தக் கோலத்தில்தான். கள்ளனைப் பிடிக்கப் பயிற்சி எடுக்கிறீரோ என்று கேட்டேன். நீர் சிரிக்கவில்லை. பேஸ்போல் கையுறை, ஹொலண்டிலிருந்து கொண்டுவந்தது என்று கோயில் விபூதியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னீர். அதன் கதையைக் கேட்டு முடிய வெளியே வந்தால், வண்டி நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்த என் மினிகேப்பில் தண்டச் சீட்டு ஒட்டியிருந்தது. எங்களுடைய நட்பு தண்டத்தோடு தொடங்கிய நட்பு.

அந்தக் கதையைப் பிறகு எத்தனையோ தரம் கேட்டேன். நீர் அகதியாக ஹொலண்டின் ஹார்லெம் நகருக்குப் போன புதிதில் உமக்குக் கொடுத்த அறை ஒரு மைதானத்தைப் பார்த்தபடி இருந்ததாம். மொழி தெரியாது. வேலை செய்ய அனுமதி இல்லை. கேஸ் முடியும்வரை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அந்த விளையாட்டைப் பார்த்தீர். முதல் கோடை முழுவதும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. அடுத்த கோடையில், எறிபவன் தோளைத் திருப்புகிற விதத்திலேயே என்ன மாதிரிப் பந்து வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. டச்சு மொழிக்கு முன்னமே அந்த விளையாட்டு உமக்குப் பிடிபட்டுவிட்டது. அங்கே கோப்பி விற்ற ஒருவர் ஒரு நாள் வேலிக் கதவைத் திறந்து, உள்ளே வா என்று கையைக் காட்டினாராம். அந்த நாட்டில் எனக்கு ஒரு கதவு தானாகத் திறந்தது அன்றைக்குத்தான் என்பீர். அதன்பிறகு பூக்கிழங்கு பொதிசெய்கிற இடத்தில் வேலை, வசந்தியக்காவோடு கல்யாணம், டச்சுப் பாஸ்போட், கடைசியில் எல்லாரையும் போல லண்டன், லூயிஷாமில் ஒரு பேப்பர் கடை.

இது எங்கள் பள்ளிக்கூடத்தில் தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற எல்லே மாதிரித்தானே என்று நான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீர் இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பேப்பரைத் தந்தீர், மிச்சத்தைத் தந்தீர், அவ்வளவுதான். நான் கிரிக்கெட்டில் ஊறினவன். பந்து தரையில் குத்தி எழும்பாத எந்த விளையாட்டையும் என்னால் ஒரு விளையாட்டாக நினைக்க முடிந்ததில்லை. அது உமக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் என்னைத்தான் பிடித்துவைத்து விளங்கப்படுத்துவீர். வேறு யார் கேட்பார்கள் உமக்கு?

உம்முடைய ஆசை பெரிய ஆசை இல்லை. "நான் ஹார்லெமில பாத்தது வேலைக்குப் போய் வந்து விளையாடுற பொடியளை. அதையே சம்பளத்துக்குச் செய்யிறவங்கள் எப்பிடிச் செய்வாங்கள் எண்டு ஒருக்காப் பாக்கவேணும். ஒருக்காப் பாத்தாக் காணும்," என்று சொன்னீர். உம்மை அறிந்த காலம் முழுவதும் நீர் உமக்கென்று கேட்டது அந்த ஒன்றைத்தான்.

சீனி வருத்தம் உம்முடைய சிறுநீரகங்களைத் தின்று முடித்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் தொடங்கியது. ஆஸ்பத்திரி வண்டி வரும், ஆனால் அது ஊரெல்லாம் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அதனால் நான் கொண்டுபோய் விடத் தொடங்கினேன். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துப் பிணைத்திருந்தார்கள். "தொட்டுப் பாரும், பூனை உறுமுற மாதிரி இருக்கும்," என்று கையை நீட்டினீர். தொட்டுப் பார்த்தேன், உறுமியது. அந்தக் கையில் இனி இறுக்கமாக எதுவும் போடக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கையுறை துணிக்குள்ளேயே இருந்துவிட்டது. தண்ணீரும் அளவுதான். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அதைக் கடிக்காமல் கரையவிட்டபடி காருக்குள் இருப்பீர். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கார் ஓடத் தெரியும், ஓடினேன்.

ரொறொன்ரோ என்ற யோசனை நீர் டயாலிசிஸ் எடுக்கிற படுக்கை நாற்காலியில்தான் பிறந்தது. அங்கே சம்பளத்துக்கு ஆடுகிற குழு இருக்கிறது. அங்கேயே ஸ்காபரோவில் உம்முடைய தங்கை கலா இருக்கிறாள். உம்முடைய டச்சுப் பாஸ்போட்டுக்கும் என் பிரிட்டிஷ் பாஸ்போட்டுக்கும் விசா தேவையில்லை. வசந்தியக்கா கடையைப் பார்ப்பார், பெட்டி தூக்க நான் வருவேன். வேறு என்ன வேண்டும்? முதல் வருடம் எல்லாம் கூடிவரும்போது எங்கிருந்தோ ஒரு புது மூச்சு நோய் வந்து ரொறொன்ரோவைப் பிடித்தது. அங்கத்தைய ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டு நோயாளிகளை எடுக்க மாட்டோம் என்றன. உலகத்தில் எங்கேயோ ஒருவன் தும்மினாலும் அது எனக்குத்தான் வந்து விடியும் என்று சொல்லிச் சிரித்தீர்.

அடுத்த கோடைக்குத் திரும்பவும் தொடங்கினோம். இந்த முறை உம்முடைய டொக்டரே தூண்டினார். போவதானால் இந்த வருடம் போங்கள், அடுத்த வருடத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். நீரும் விளங்கிக்கொண்டீர். காருக்குள் ஏறியதும், "இந்த வருசம் போகச் சொல்லிப்போட்டார்," என்று மட்டும் சொன்னீர். ஏதோ சுற்றுலாவுக்கு ஒழுங்கு செய்து தந்த மாதிரி.

அந்த வசந்த காலத்தில் நாங்கள் திட்டம் போட்ட மாதிரி இந்தியாவில் கல்யாணம் செய்கிறவர்கள்கூடத் திட்டம் போட மாட்டார்கள். ரொறொன்ரோவில் ஒரு கிளினிக்கில் இடம் கிடைத்தது, அங்கேயும் செவ்வாய், வியாழன், சனிதான். வெள்ளி மாலை போய் இறங்குகிறோம். சனிக்கிழமை உமக்கு இயந்திரம். ஞாயிறு மதியம் ஆட்டம். திங்களோடு குழு வேறு நகரத்துக்குப் போய்விடும், நாங்கள் திரும்புகிற வரைக்கும் வராது. ஆக அந்த ஞாயிறு ஒன்றுதான். நூலகத்துக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஆட்டத்துக்கு இரண்டு ரிக்கெற் எடுத்தேன். எந்தப் பக்கம் என்பதில் நீர் மூன்று முறை மனம் மாற்றினீர். கடைசியில் மூன்றாவது பேஸின் பக்கம், அடித்தவன் ஓடித் தொடுகிற மூன்றாவது தட்டின் பக்கம், என்று முடிவானது. அங்கே இருந்தால் எறிபவனின் தோள் தெரியும், முதுகில் வெயில் படாது. ரிக்கெற் தபாலில் வந்த அன்று நீர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். வாடிக்கையாளர் ஒருவர் பால் போத்தலோடு காத்துக்கொண்டு நின்றார்.

பிழை அதன்பிறகுதான் நடந்தது. இப்படி ஒரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் விட முடியாது. நீர் கலாவுக்குப் போன் எடுத்து இன்ன நாள் வருகிறேன் என்று சொன்னீர். ஏன் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஐம்பதை எட்டப்போகிற மனிதன், தலைமகன், தங்கையிடம் எப்படிச் சொல்வான், நான் பந்தடி பார்க்க வருகிறேன் என்று? சும்மா உங்களையெல்லாம் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டீர். வசந்தியக்காவிடமும் அப்படித்தான் முதலில் சொல்லியிருந்தீர். உண்மை தெரிந்தபோது அவர் என்னைத்தான் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் விசரோ? இந்த வருத்தத்தோட பந்தடி பாக்கவோ கனடாவுக்குப் போறியள்?" என்று கேட்டார்.

கலாவுக்கு அண்ணன் பார்க்க வருகிறார் என்ற சொல் போதும். அவளுடைய மகள் துஷி பெரியபிள்ளையாகி இரண்டு வருடம். அதற்கான சடங்கு, சாமத்தியவீடு, இன்னும் செய்யவில்லை. தாய்மாமன் இல்லாமல் செய்வதில்லை என்று வைத்திருந்தாள். தேங்காய் உடைக்க, தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்க்க, மண்டபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர, ஒவ்வொன்றுக்கும் மாமன் வேண்டும். அந்த மாமனோ வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தார். இப்போது அவரே வருகிறேன் என்கிறார். ஒரு கிழமைக்குள் மண்டபம், சாப்பாடு, போட்டோக்காரர், அழைப்பிதழ் எல்லாம் முடிந்துவிட்டது. சனம் வேலைக்குப் போகாத நாள் எது? ஞாயிறு. நீர் நிற்கிற ஞாயிறு எது? அந்த ஞாயிறு.

நீர் அந்தச் செய்தியைச் சொன்ன நாள் வியாழக்கிழமை. காரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியும் நீர் இறங்கவில்லை. நான் கொதித்தேன். கலாவுக்குச் சொல்லும், நாளை மாற்றச் சொல்லும், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று கத்தினேன். நீர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அவளுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நான் ஒராள்தானே இருக்கிறன்," என்றீர். நான் இறங்கி வந்து உம்முடைய பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஆனாலும் உமக்குத் தெரியாமல் நான் கலாவுக்குப் போன் எடுத்தேன். சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும். உம்முடைய ஆசையை, டொக்டர் சொன்னதை, ரிக்கெற்றை. மறுபக்கத்தில் அவள் அழத் தொடங்கிவிட்டாள். "அண்ணை என்னட்டை ஒரு சொல் சொல்லேல்லையே," என்றாள். அழைப்பிதழ் போய்விட்டது, சனத்துக்கு இனி என்ன சொல்வது, நாளைக் கடத்தினால் பிறகு அண்ணன் வருவாரா என்று கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவளுக்கும் பதில் தெரியும், எனக்கும் தெரியும். அவளில் பிழை இல்லை. உம்மில் பிழை இல்லை. யாரிலும் பிழை இல்லாத விஷயத்தில் யாரோடு சண்டை பிடிப்பது? போனை வைத்துவிட்டேன்.

மாமன் போகிற இடத்துக்கு மாமியும் போக வேண்டும். வசந்தியக்கா கடையைத் தமக்கையின் மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். நான் வெறும் வாலாகக் கூட வந்தேன். ஞாயிறு காலை கலாவின் வீட்டில் சடங்கு நடந்தது. பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனத்தோடு நீர் தேங்காயை ஒரே அடியில் உடைத்தீர். எல்லாரும் மண்டபத்துக்கு வெளிக்கிடும்போது என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு இரண்டு ரிக்கெற்றையும் என் சட்டைப் பைக்குள் வைத்தீர். "நீர் போய்ப் பாரும். ஒண்டும் விடாமல் பாத்து வந்து எனக்குச் சொல்லும்." நான் மாட்டேன் என்றேன். நீர் கேட்கவில்லை. கலா ஒரு பை நிறைய ரோல்ஸும் பற்றிஸும் என்று தின்பண்டம் கட்டித் தந்து என்னை டாக்ஸியில் ஏற்றிவிட்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மைதானத்தில் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல? மூன்றாவது பேஸ் பக்கம், நிழல், எல்லாம் நீர் சொன்ன மாதிரியே. உம்முடைய இருக்கையில் ரோல்ஸ் பையை வைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, இங்கே யாரும் வருகிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. எறிபவனின் தோளைப் பார்த்தேன். தோள் தோளாகத்தான் இருந்தது. சனம் எழும்பினால் எழும்பினேன், இருந்தால் இருந்தேன். ஒருவன் அவுட் ஆகிப் போகிறான், அவனுக்குச் சனம் கைதட்டுகிறது. இன்னொருவன் அடிக்காமலே நடந்து போகிறான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீர் இருந்தால் என் காதைத் தின்றிருப்பீர். ஒன்றும் விடக்கூடாது என்று கண்ணை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேனே தவிர, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டேன்.

ஒரு குழு ஒன்பது முறை ஆடும் என்று நீர் சொல்லித் தந்திருந்தீர். இரண்டு பக்கமும் ஒன்பது முறை ஆடி முடிந்தது. பலகையில் மூன்றுக்கு மூன்று. சனம் எழும்பி நின்று கையைக் காலை நீட்டியது, சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படியேறினார்கள். சரி, சமன், முடிந்தது என்று நானும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து டாக்ஸி பிடித்தேன். கிரிக்கெட்டில் ஐந்து நாள் ஆடிவிட்டுச் சமன் என்று கைகுலுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை.

மண்டப வாசலில் நீர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றீர். என்ன மாதிரி என்று கேட்டீர். சமன் என்றேன். நீர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தீர்.

"பேஸ்போலில சமன் எண்டு ஒண்டு இல்லை. ஒரு பக்கம் வெல்லுமட்டும் விளையாடுவாங்கள். நீர் முடியமுன்னம் எழும்பி வந்திட்டீர்."

நிலம் வெடித்து என்னை விழுங்காதா என்று இருந்தது. நீரோ சிரிக்கத் தொடங்கினீர். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர். பிறகு கலாவின் கணவரிடம் அவருடைய வான் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கார் பார்க்குக்கு நடந்தீர். நான் பின்னால் ஓடினேன். ரேடியோவைத் திருகி அந்த ஆட்டத்தைப் பிடித்தீர். அது இன்னும் போய்க்கொண்டிருந்தது, பன்னிரண்டாவது முறை. வான் கதவுகளை மூடிவிட்டு நீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர். கேட்கக் கேட்க எனக்குச் சொல்லித் தந்தீர். யார் எங்கே நிற்கிறான், எறிபவன் ஏன் தாமதிக்கிறான், அடிக்க நிற்பவன் எதற்குக் காத்திருக்கிறான். மூன்று மணித்தியாலம் கண்ணால் பார்த்து விளங்காதது, கண்ணை மூடிக்கொண்டு நீர் சொன்னபோது எனக்கு விளங்கியது. உம்முடைய நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து ஓடியது. இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஒருவன் நிற்கிறான், அவன் வீட்டுக்கு வந்தால், அடிக்கிற இடத்தைத் தொட்டால், ஆட்டம் முடிந்தது என்றீர். நானும் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அப்போது யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். கலா. கூறைச் சேலையோடு வெயிலில் நின்றாள். "அண்ணை, போட்டோக்காரர் நிக்கிறார். மாமன் இல்லாமல் படம் எடுக்கேலாது, வாங்கோ," என்றாள். ஐந்து நிமிடம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நீர் என் தொடையில் தட்டினீர். கேட்டு வந்து சொல்லும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்.

நான் கேட்டேன். காதை ரேடியோவோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன். அந்த ஆள் பேசியது ஆங்கிலமா என்றே எனக்குச் சந்தேகம், அவ்வளவு வேகம். திடீரென்று சனம் கத்தியது. அந்தக் கத்தலுக்குள் அவன் குரல் மூழ்கிவிட்டது. பிறகு விளம்பரம் வந்தது. அவ்வளவுதான். மண்டபத்துக்குள் நீர் மேடையில் துஷியின் பக்கத்தில் நின்றீர். கீழே நின்று கையைக் காட்டிய என்னைக் கண்டு குனிந்தீர். சனம் கத்தினது என்றேன். அந்த ஊர்ச் சனம் கத்தினால் நாங்கள் வென்றுவிட்டோம் என்றீர். முகம் மலர்ந்தது. "எப்பிடி? அவன் எப்பிடி வந்தவன்?" தெரியவில்லை என்றேன். நீர் ஒரு கணம் என்னைப் பார்த்தீர், கோபமாக இல்லை. பிறகு நிமிர்ந்து படத்துக்குச் சிரித்தீர். அந்தப் படம் கலாவின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எல்லாரும் சொல்கிறார்கள், மாமன் எவ்வளவு சந்தோசமாக நிற்கிறார் என்று.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு செவ்வாய், வியாழன், சனி தவறாமல் அந்த ஆட்டத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. இயந்திரம் சுற்றும், நீர் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லத் தொடங்கும் என்பீர். நான் கண்டதைச் சொல்வேன். நான் காணாததை நீர் இட்டு நிரப்புவீர். அவுட் ஆனவனுக்கு ஏன் கைதட்டினார்கள் என்று நான் விளங்காமல் சொன்னதும், தன்னைக் கொடுத்து மற்றவனை ஒரு பேஸ் முன்னுக்கு அனுப்பியிருக்கிறான் என்றீர். அடிக்காமல் நடந்தவனுக்கும் காரணம் சொன்னீர். கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் இருந்த துண்டுகளை வைத்து நீர் அந்த ஆட்டத்தை முழுதாகக் கட்டி எழுப்பினீர். கடைசி ஓட்டத்தை மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி முடித்துப் பார்ப்பீர். பக்கத்து நாற்காலிக் கிழவர், இன்றைக்கு யார் வென்றது என்று எங்களைக் கேலி செய்வார்.

அடுத்த வருடத்துக்கும் திட்டம் போட்டோம். போட்டது நீர், தலையாட்டியது நான். இலையுதிர் காலத்தில் கால்விரல்கள் இரண்டை எடுத்தார்கள். அப்படியானால் சக்கர நாற்காலி வைக்கிற இடத்தில் ரிக்கெற் எடும், அங்கே இன்னும் நன்றாகத் தெரியும் என்றீர். பிறகு பாதம். பிறகு இரத்தத்தில் கிருமி. ஒவ்வொரு முறையும் திட்டத்தை மாற்றினீர், கைவிடவில்லை. நான் காரை ஓட்டிக்கொண்டு, ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வருவேன். உம்மை இறக்கிவிட்டு, சவாரி எடுக்காமல் ஒரு தெருவில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

பனிக்காலம் முடிகிற நேரம் உம்மை வார்டில் வைத்துவிட்டார்கள். கடைசிக் கிழமை உமக்கு நினைவு சரியாக இல்லை. வசந்தியக்காவைச் சில வேளை கலா என்று கூப்பிட்டீர். ஒரு நாள் மத்தியானம் நான் வரும்போது கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள், நீர் வசந்தியக்காவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர். கிட்டப் போனதும்தான் கேட்டது. அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தீர். நான் சொன்னதாக இல்லை, நீரே கண்டதாக. மூன்றாவது பேஸ் பக்கம் இருந்ததை, நிழலை, எறிபவனின் தோளை. பந்து நிலத்தோடு உருண்டு, பிடிக்க வந்தவனின் கையுறைக்குக் கீழால் போனதை. மூன்றாவது பேஸில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்ததை. நான் ஒரு நாளும் காணாத அந்தக் கடைசி ஓட்டத்தை நீர் அப்படியே கண்டிருந்தீர்.

"இவர் இடையில எழும்பப் பாத்தவர். நான்தான் கையைப் பிடிச்சு இருத்தினனான்," என்று என்னைக் காட்டினீர். பிறகு திடீரென்று உமக்கே ஒரு சந்தேகம் வந்தது. என்னைப் பார்த்துக் கேட்டீர். "நாங்கள் கடைசி மட்டும் இருந்துதானே பாத்தனாங்கள்?"

வசந்தியக்கா என்னைப் பார்த்தார். பந்தடி பார்க்கவோ என்று என்னை ஒரு காலம் ஏசினவர். அவருடைய கண் என்னைக் கெஞ்சியது.

"ஓம்," என்றேன். "கடைசி மட்டும் இருந்தனாங்கள்."

நீர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினீர். அந்த ஞாயிறு நீர் எங்கே நின்றீர் என்று எனக்குத் தெரியும், வசந்தியக்காவுக்கும் தெரியும். அதற்குச் சாட்சி கலாவின் சுவரில் தொங்குகிறது. உமக்காக நான் வேறு ஒன்றையும் செய்து முடிக்கவில்லை. அந்த ஒரு ஓம் மட்டும்தான் செய்ய முடிந்தது.

நீர் போன பிறகு கடையை விற்றுவிட்டு வசந்தியக்கா வால்தம்ஸ்டோவில் தமக்கை வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருக்கிறார். நான் இன்னும் கார்தான் ஓடுகிறேன். அந்த ஆட்டத்தை நினைக்காத கிழமை இல்லை. உம்முடைய இருக்கையில் ரோல்ஸ் பைதான் இருந்தது, அதை என் கண்ணால் கண்டவன் நான். ஆனால் எவ்வளவு முயன்றாலும் இப்போது அந்தப் பை நினைவில் வருவதில்லை. சந்தனம் கரைந்த நெற்றியோடு, பட்டு வேட்டியோடு நீர் அங்கே இருக்கிறீர். ஒன்பதாவது முறை முடிந்து சனம் எழும்புகிறது. நானும் எழும்பப் பார்க்கிறேன். நீர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்து இழுத்து, இரும், இன்னும் முடியேல்லை என்கிறீர். நான் இருக்கிறேன்.